கல்வத்தில் வைத்த பொட்டு

எங்கள் பழைய ஆய்வகத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று சென்ற மாதம் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். லேசர் மெஷின். கல்லை உடைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம், அமிலத்தில் கரைக்க வேண்டாம். பளபளவென்று தேய்த்த ஒரு கல் துண்டை உள்ளே வைத்தால் போதும். தலைமுடி அகலத்துக்கு ஒரு புள்ளியைச் சுட்டு ஆவியாக்கி, அந்தப் புள்ளியில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று திரையில் காட்டிவிடுகிறது. நான் ஒரு வாரம் செய்த வேலையை, நான் காபி குடித்து முடிப்பதற்குள் அது செய்தது. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருத்தமாவது! இத்தனை வருஷம் கல் அரைத்த தோள்பட்டை என்னுடையது. அந்த மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிரியா என்று ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள், கேட்டாள்: "கையால அரைச்ச காலத்துல தப்பு வந்தா எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?"

"தப்பு பண்ணவளையே கேக்குறியா?" என்றேன். அப்புறம் சாப்பாட்டு நேரம் முடியும்வரை அந்தக் கதைதான். இதையே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் சாதனைகளை எழுதுவார்கள். என்னிடம் இருப்பதிலேயே நல்ல கதை என் தப்புதான்.

நான் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊரில் கல்லே கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வண்டியில் வரும். நாயை விரட்டக்கூட மண்கட்டியைத்தான் எடுத்து எறிவோம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் கல்லூரியில் நிலவியல் எடுத்தேன். அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தவர். "கல்லுக்குன்னு ஒரு படிப்பா? யாரும்மா வேல குடுப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். படித்து முடித்து நாலு வருஷம் யாரும் கொடுக்கவில்லை. கூடப் படித்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். மஸ்கட்டிலிருந்த அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் டைப் அடிக்கக் கற்றுக்கொள் என்று எழுதினான்.

அப்போதுதான் நாடு கதவைத் திறந்தது. உலோகம் தேட வெளிநாட்டுக் கம்பெனிகளும் வரலாம் என்று ஆனது. அவர்கள் தோண்டும் கல்லைச் சோதிக்க ஆய்வகம் வேண்டுமே! சென்னை முதலாளி ஒருவர் வல்லம் சாலையில் ஒரு கட்டடம் எடுத்து ஆய்வகம் திறந்தார். கனடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான தஞ்சாவூருக்குத் திரும்பியிருந்த சந்தானம் சார் அதற்குத் தலைவர். நான் உதவி ஆய்வாளர். திறந்த அன்று முதலாளி எங்களை நிற்க வைத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தப்பான ரிப்போர்ட் ஒண்ணு வெளிய போச்சுன்னா, அதுக்குக் காரணமானவங்க மறுநாள் இங்க இருக்க மாட்டாங்க."

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியிலிருந்து கொதிக்கும் நீர் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகள் வழியாக வரும். வழியில் ஆற ஆறக் கந்தகத்தோடு சேர்ந்து கனிமமாகப் படியும். பைரைட் என்று ஒன்று, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, பார்த்தால் பொன் மாதிரி மின்னும். அதற்குள் கோபால்ட், ஆர்சனிக், ஈயம் என்று அழையாத விருந்தாளிகள் துளித்துளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு துளி என்றால், ஒரு மூட்டை நெல்லில் இரண்டு மூன்று மணி. நீர் நல்ல சூட்டில் இருக்கும்போது படிந்த பைரைட்டில் கோபால்ட் கூடுதலாக இருக்கும். ஆறிய பிறகு படிந்ததில் ஈயம் கூடுதலாக இருக்கும். விருந்தாளிகளை எண்ணினால், அந்தப் பைரைட் சூட்டுக்குப் பக்கத்தில் பிறந்ததா தூரத்தில் பிறந்ததா என்று சொல்லிவிடலாம்.

இதைச் சார் எனக்கு ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். பக்கத்தில் நின்ற கலியபெருமாள் அண்ணன், கல் உடைக்கும் கிரஷரை ஓட்டுபவர், ஒரே வரியில் முடித்தார். "தலமடைல மணலு தங்கும், கடமடைல களிதான் வரும். அதான சார்?" சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் எந்த மலை வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: சூட்டு நீர் புறப்பட்ட தலைமடை எந்தப் பக்கம்? ஏனென்றால் தலைமடையில்தான் தாமிரம் இருக்கும்.

கலியபெருமாள் அண்ணன் ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருஷம் விவசாயக் கூலி வேலையை விட்டு எங்களிடம் வந்தவர். மைத்துனர் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் பாஸ்போர்ட் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிரஷருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

சந்தானம் சாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "பேலன்ஸ் சரியா இருக்கு சார்." எப்படித் தெரியும்? "சாம்பிள் காஞ்சிடுச்சு சார்." எப்படித் தெரியும்? ஒருமுறை "காபி ஆறிடுச்சு சார்" என்றதற்கும் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டம்ளரில் தெர்மாமீட்டரைப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். எடுத்துப் பார்த்து, "நல்லது, இப்ப ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஆறின காபியைக் குடித்தார்.

அவர் வைத்த விதிகள் எங்களுக்கு மனப்பாடம். கல்லைக் கிரஷரில் உடைத்து, லென்ஸுக்குக் கீழே வைத்து ஊசி முனையால் பைரைட் மணிகளை மட்டும் பொறுக்கி, அகேட் கல்வத்தில் மாவாக அரைக்க வேண்டும். கல்வம் என்றால் நாட்டு வைத்தியர் மருந்து அரைப்பாரே, அதுதான். எங்களுடையது மட்டும் விலை உயர்ந்த கல்லில் செய்தது. ஒவ்வொரு தொகுதி தொடங்கும் முன்பும் சுத்தமான படிகக் கல் ஒன்றை முதலில் அரைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு நான் வைத்த பெயர் வெறுங்கல். வெறுங்கல்லில் ஏதாவது தென்பட்டால் நம் கையில்தான் அழுக்கு. அப்புறம் சாம்பிள்களை வந்த வரிசையில் அரைக்கக் கூடாது, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துத்தான் அரைக்க வேண்டும். எதற்குப் பின் எதை அரைத்தோம் என்று அரவை நோட்டில் எழுத வேண்டும். "மலைல ஒரு வரிசை இருக்கும், நம்ம மேசைல ஒரு வரிசை இருக்கும். ரெண்டும் கலந்துட்டா எது பேசுதுன்னு தெரியாது" என்பார்.

இனி என் பெருமைக்கு வருகிறேன்.

வடக்கே ஒரு மலையில் கம்பெனி ஒன்று துளை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆழத் துளைக்கான அனுமதி. அதைக் கிழக்குச் சரிவில் போடுவதா, மேற்குச் சரிவில் போடுவதா? எங்களிடம் இரண்டு பக்கத்துக் கற்களும் இரண்டு சாக்குகளில் வந்தன. சாக்கு வந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். சாருடைய மகள் அமெரிக்காவுக்குக் கிளம்பினாள், வழியனுப்பச் சார் சென்னைக்குப் போயிருந்தார்.

ஆயுத பூஜையன்று காலையில் வெறுங்கல்லை அரைத்து முடித்தேன். கல்வத்தைக் கழுவித் துடைத்து வைத்தேன். அண்ணன் கிரஷரைக் குளிப்பாட்டிக் கோலம் போட்டு, அதன் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து ஓட்டினார். பொரிகடலை, சுண்டல், வாழைக்கன்று என்று ஆய்வகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் கத்தோலிக்கக் குடும்பம். வருஷா வருஷம் சுண்டலோடு என் பங்கு முடிந்துவிடும். அந்த வருஷம் அண்ணன் குங்குமக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"கல்வம் ஒன் பொருளு தங்கச்சி. அதுக்கு நீதான் பொட்டு வைக்கணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பழக்கமில்லாத கை. எவ்வளவு வைப்பது என்று தெரியாமல், கல்வத்தின் விளிம்பில் நாலு பக்கமும், குழவியின் தலையிலும், ரூபாய்க் காசு அகலத்துக்கு வைத்துவிட்டேன். "அம்மனே வந்து ஒக்காந்த மாதிரி இருக்கு" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. எந்த வேலையையும் தொடங்க உகந்த நாள். கல்வத்தைத் துடைத்தேன். சாம்பிள்களைக் கலைக்கப் போனபோது அண்ணன் தடுத்தார். "நல்ல நாளும் அதுவுமா கலச்சுப் போடுவாங்களா? கெழக்கு மூட்டையிலேருந்து எடு. கெழக்குதான் நல்லது." சரி என்றேன். கிழக்குச் சாக்கில் கைக்கு வந்ததை எடுத்து எடுத்து எட்டுச் சாம்பிள் அரைத்தேன். மேற்குச் சாக்கு அதற்குப் பிறகுதான். வெறுங்கல்லை மறுபடி அரைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதான் நேற்றே அரைத்தாயிற்றே!

சார் திரும்பி வந்தார். அளக்கும் மெஷினில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு தனி விளக்கு வேண்டும். கோபால்ட் விளக்கு போன மாதமே அணைந்து, புது விளக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. கம்பெனியோ தினமும் போன் செய்தது. ஆர்சனிக்கும் ஈயமும் மட்டும் பார்த்தோம். ஆர்சனிக் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஈயம் கிழக்கில் எக்கச்சக்கம், மேற்கில் சொற்பம். ஆக, கிழக்கு கடைமடை, மேற்கு தலைமடை. மேற்கில் துளை போடலாம் என்று பேக்ஸ் போயிற்று. வியாழக்கிழமை துளை போடும் ரிக்கை மேற்குச் சரிவுக்கு நகர்த்துகிறோம் என்று பதில் வந்தது. எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மாதக் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். அரவை நோட்டும் ரிசல்ட் தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சும்மா ஒரு பார்வை ஓட்டினேன். முதலில் அரைத்த சாம்பிளில் ஈயம் ஏராளம். இரண்டாவதில் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் இன்னும் குறைவு. எட்டு வரைக்கும் படி இறங்குகிற மாதிரி ஒரே சீராக இறங்கியது. அந்தக் கற்களோ மலையில் மேலும் கீழுமாக, எங்கெங்கிருந்தோ எடுத்தவை. மலையில் அந்த வரிசை கிடையாது. என் நோட்டில்தான் இருந்தது.

 எழுந்து போய்க் கல்வத்தை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். விளிம்பில் மயிரிழைக் கீறல் ஒன்று. அதற்குள் சிவப்பு.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான்தான் வச்சேன்னு சொல்லிடு தங்கச்சி. எனக்குச் சிங்கப்பூர் இருக்கு. ஒனக்கு இத விட்டா இந்த ஊர்ல என்ன இருக்கு?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "வாய மூடுங்கண்ணே. வச்சது என் வெரலு" என்று கத்திவிட்டு, நோட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். போகும்போதே தெரியும், என் வேலை போயிற்று. அண்ணனுடைய பெருந்தன்மை மட்டும் நெஞ்சிலேயே நின்றது. இன்றும் நிற்கிறது.

"சார், கிழக்கு ஈயம் மலையோடது இல்ல. நான் வச்ச குங்குமத்தோடது."

சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "எப்படித் தெரியும்?"

வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. நோட்டைத் திறந்து வரிசையைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "குங்குமத்துல ஈயம் இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார். தெரியாது! அண்ணன் ஓடிப்போய் மிச்சமிருந்த பாக்கெட்டைக் கொண்டுவந்தார். எடை போட்டு, கரைத்து, மெஷினில் ஊற்றினோம். முள் துள்ளி ஓரத்தில் போய் நின்றது. மலிவுக் குங்குமம், ஈயச் சாயம். எங்கள் ஆய்வகத்தின் வரலாற்றில் குங்குமத்துக்கு ரிப்போர்ட் எழுதியது அதுதான் முதல் தடவை.

"கெழக்குன்னு நான்தான் சார் சொன்னேன்" என்றார் அண்ணன், வாசலில் நின்றபடி.

"விஜயதசமியன்னிக்கு நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார் சார். போனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டார். "ரிக்கை நகர்த்தாதீங்க. எங்க ரிப்போர்ட் தப்பு. வியாழக்கிழமை காலைல சரியானது வரும்." அவ்வளவுதான். சாக்குப்போக்கு ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கத்தில் அவர்கள் கத்தியது அறை வாசல்வரை கேட்டது.

கையிலிருந்தது இரண்டு நாள். கிழக்கும் மேற்குமாக மிச்சக் கற்களை நன்றாகக் கலைத்தோம். கல்வத்தைத் தொடவே இல்லை. புதிதாக உடைத்த கல்லிலிருந்து பைரைட் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அரைக்காமல் முழு மணியாகவே அமிலத்தில் போட்டோம். சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். நான் இரண்டு மணி எடுத்தால் அவர் ஒன்று எடுப்பார். "நீங்க அரிசி பொறுக்கினதே இல்லயா சார்?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல. பொறுக்கியிருக்கணும்" என்றார்.

கோபால்ட் விளக்கைத் திருச்சியில் ஒரு கல்லூரியில் கடன் கேட்டார் சார். அண்ணன் பஸ்ஸில் போய் வாங்கி வந்தார். தஞ்சாவூர் வரும்வரை மடியில் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாராம். பக்கத்து சீட்டுக்காரர் "என்னங்க அது?" என்று கேட்டதற்கு, "கொழந்தைங்க, எழுப்பிடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை மதியம் எண்கள் வந்தன. கிழக்கில் ஈயம் மேற்கைவிடக் குறைந்துபோயிருந்தது. கோபால்ட் கிழக்கில் கொட்டிக் கிடந்தது. அந்தச் சரிவிலேயே உள்ளே போகப் போக இன்னும் கூடுதல். தலைமடை கிழக்கு! நாங்கள் சொன்னதற்கு நேர் எதிர். அண்ணன் கைதட்டி, "நான் அப்பவே சொன்னன்ல, கெழக்குதான் நல்லதுன்னு!" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

சார் முதலாளிக்கு எழுதிய கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன், மஸ்கட் அண்ணன் ஆசைப்பட்டபடி கற்றிருந்தது அதற்கு உதவியது. நடந்த எல்லாமும் அதில் இருந்தது, என் பெயர் உட்பட. கடைசிப் பத்தி இப்படி: "தவறு செய்தவரும் அதைக் கண்டுபிடித்தவரும் ஒருவரே. முதலாமவரை வேலையிலிருந்து நீக்கினால் இரண்டாமவரும் போய்விடுவார். அவர் இல்லாமல் இந்த ஆய்வகத்தை நடத்த எனக்குத் தெரியாது." அடிக்க அடிக்க எழுத்து மறைந்தது. இரண்டு தாள் வீணாயிற்று. முதலாளியிடமிருந்து பதிலே வரவில்லை. சம்பளம் மட்டும் வழக்கம்போல் வந்தது.

தை மாதம் அறுவடை நேரத்தில் பேக்ஸ் வந்தது. கிழக்குத் துளையில் தாமிரக் கனிமம், பல அடிக்குத் தொடர்ச்சியாக. ஒரு வாரத்தில் அந்தக் கல்லிலேயே ஒரு துண்டு பார்சலில் வந்தது. மஞ்சளாக, கிளி மூக்கு நிறமும் மயில் கழுத்து நிறமும் கலந்து மின்னியது. அப்பாவுக்குக் காட்ட ஊருக்கு எடுத்துப்போனேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இருக்குற எடத்த இங்கேருந்தே சொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன். தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் குங்குமம் வாங்கும் முன் அண்ணன் மூன்று கடைகளின் குங்குமத்தைப் பொட்டலம் கட்டி என்னிடம் கொடுத்து ஈயம் பார்க்கச் சொன்னார். ஈயம் இல்லாத கடையில் வாங்கினார். பூஜை நேரத்தில் நான் வேண்டுமென்றே எடை போடும் பேலன்ஸ் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. சார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே வந்தார்.

"ரெஜினா, வாங்க. எல்லாரும் காத்திருக்காங்க."

"வேண்டாம் சார். கல்வத்துக்கும் அண்ணனே வைக்கட்டும்."

"அவர் வச்சா எவ்வளவு ஒட்டும்னு நமக்குத் தெரியாது" என்றார் சார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நீங்க வச்சா தெரியும். போன வருஷமே அளந்து வச்சிருக்கோம். நாளைக்கு மூணு வெறுங்கல் அரைச்சுப் பாத்துட்டு ஆரம்பிக்கலாம். வாங்க."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனேன். எல்லோரும் வழி விட்டார்கள். "கொஞ்சமா வையி தங்கச்சி!" என்று பின்னாலிருந்து கத்தினார் கலியபெருமாள் அண்ணன். நான் என் வழக்கப்படி தாராளமாகவே வைத்தேன்.